மரக் குதிரைகளும் மண்ணின் குதிரைகளும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவின் சந்தடியைக் கடந்து கிழக்கேகோட்டை வாசலுக்குள் நுழைந்து, பத்மநாப சுவாமி கோயிலுக்குத் தென்கிழக்கே சற்று நடந்து அண்ணாந்து பார்ப்பவர்கள், சங்கீத மேதையான சுவாதித் திருநாள் மகாராஜா எழுப்பிய மாளிகையின் கூரையடியில், மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் முன்கால் தூக்கி வரிசையாய் நிற்பதைக் காண்பார்கள். புத்தன் மாளிகை என்ற அரண்மனைக்குக் குதிரை மாளிகை என்ற பெயர் நிலைத்ததும் அவற்றாலேயே.

குதிரையின் அழகு நமக்குப் புதிதன்று. ஆயினும் தென்னாட்டில் அது பெரும்பாலும் கப்பலில் வந்த விருந்தாளியாகவே இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் பெரும் பொருள் கொடுத்துக் குதிரைகளை வாங்கியதையும், பக்குவமறிந்து பேணுவாரின்றி அவற்றுள் பல விரைவிலேயே மாண்டதையும் எழுதி வைத்திருக்கிறார்.

அமெரிக்காவுக்கும் குதிரை கப்பலில்தான் வந்தது. ஆதிகாலத்தில் அங்கே வாழ்ந்த குதிரையினம் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோக, 1493-இல் கொலம்பஸ் தம் இரண்டாம் யாத்திரையில் மீண்டும் குதிரைகளைக் கொண்டுசென்றார். ஆனால் அங்கே வந்த குதிரை வேலைக்கேற்ற பல ஜாதிகளாக வேரூன்றிவிட்டது.

கால் மைல் பந்தயத்தில் மின்னலெனப் பாய்ந்ததால் பெயர்பெற்ற குவார்ட்டர் குதிரை, அகன்று திரண்ட பின்தொடைகளை உடையது. மேய்ப்பன் கன்றின் கழுத்தில் சுருக்குக் கயிற்றை வீசிவிட்டுக் கீழே குதித்தோடினால், ஏவுவாரின்றித் தானே பின்வாங்கி நின்று கயிறு தளராமல் காக்கும். தோட்டப் பரப்பை நாள்முழுதும் சுற்றிவர வேண்டியவர்களுக்காக வளர்க்கப்பட்ட டென்னசி நடைக்குதிரையோ, முன்காற் சுவட்டையும் தாண்டிப் பின்காலை ஊன்றி, தலையைத் தாளம்போல் அசைத்து, ஏறியவர் உடல் குலுங்காதபடி நடக்கும்.

மார்கன் ஜாதியின் மூலபுருஷன் 1789-இல் பிறந்த ஒரே ஓர் ஆண்குதிரை. அதை வெர்மான்டுக்குக் கொண்டுவந்த ஜஸ்டின் மார்கன் ஒரு பாட்டு வாத்தியார். சிற்றுருவமே ஆயினும் மரம் இழுக்கவும் உழவும் ஓடவும் சலிக்காத அப்பிராணியின் கட்டுறுதி, தலைமுறை தலைமுறையாகச் சந்ததியில் இறங்கி வந்தது. நெஸ் பெர்ஸ் பூர்வகுடிகள் போற்றி வளர்த்த அப்பலூசாவுக்குப் புள்ளித்தோலும், கோடிட்ட குளம்பும், கருவிழியைச் சூழ்ந்த வெண்மையும் லட்சணங்கள். 1877-ஆம் ஆண்டுப் போரில் அம்மக்கள் தோற்றபோது அவர்களுடைய மந்தைகளும் சிதறின. எஞ்சியவற்றைத் தேடிக் காப்பதற்கென 1938-இல் ஒரு சங்கம் தோன்ற வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் குதிரைக்குச் செய்ததை நம் குடியானவர்கள் மாட்டுக்குச் செய்தார்கள். வறண்ட கொங்கு மண்ணில் பாரமிழுக்கக் காங்கேயத்தையும், தஞ்சைச் சேற்று வயலில் உழ உம்பளாச்சேரியையும் வளர்த்தெடுத்த அறிவு எவ்வகையிலும் குறைந்ததன்று. உழவும் வண்டியும் இயந்திரத்தின் வசமாகிவிட்ட இந்நாளில், அவற்றைத் தொழுவத்தில் வைத்துப் பேணும் சிலருக்கேனும் நாம் துணை நிற்க வேண்டும். இல்லையேல் நம் பேரப்பிள்ளைகள் காங்கேயம் காளையையும் மரச்சிற்பமாகவே அண்ணாந்து பார்க்க நேரும்.