சாத்திரமும் யாப்பும்

மெய்கண்ட சாத்திரங்கள் 14-ஐயும் ஓதுவோருட் பலர் பொருளிலே கருத்தூன்றி, அதனைத் தாங்கிநிற்கும் யாப்பினைப் புறத்ததெனக் கருதி விடுகின்றனர். யாப்பு, நூலின் போக்கினை உணர்த்தும் கருவியுமாம் என்பதனை ஈண்டுக் காட்டுதும்.

பா நான்கு. ஆசிரியப்பாவிற்கு அகவலோசையும், வெண்பாவிற்குச் செப்பலோசையும், கலிப்பாவிற்குத் துள்ளலோசையும், வஞ்சிப்பாவிற்குத் தூங்கலோசையும் உரியன. தாழிசை, துறை, விருத்தம் என்பன அவற்றின் இனங்கள். கேட்பானை நோக்கி விடுத்துரையாது, தான் கருதியதனைத் தொடர்ந்து எடுத்து மொழியுங்கால் எழுவது அகவல். ஒருவர்க்கொருவர் இயல்பாகப் பொருளுரைக்குங்கால் எழுவது செப்பல் என்பது தொல்காப்பிய உரையாளர் பேராசிரியர் கருத்து.

இவ்வேறுபாட்டினைச் சிவஞானபோதத்தின்கண் வைத்துக் காண்க. துணிந்த பொருளை நிறுவும் 12 சூத்திரங்களும் ஆசிரியப்பாவால் இயன்றன. மேற்கோளும் ஏதுவும் உரைநடையாய் நிற்ப, எடுத்துக்காட்டு வெண்பாவாய் வருகின்றது. சூத்திரம் பொருளை நிலைநாட்டுகின்றது. வெண்பா மாணாக்கனை அருகிருத்தி அவனுக்கு விளக்குகின்றது. இதனை நோக்காதார், உவமையாக வந்ததனைச் சித்தாந்தத் துணிபெனக் கொண்டு இடர்ப்படுவர்.

அந்நூலின் வழிநூலாகிய சிவஞானசித்தியார் விருத்தத்தால் ஆயது. நெடிய அடி நான்கும் அளவொத்து நடத்தலின், மறுப்போன் வினாவும் ஆசிரியர் விடையும் ஒரு செய்யுளுள்ளேயே அடங்குதற்கு இடம் உண்டாயிற்று. அவ்வாசிரியரே செய்த இருபாவிருபது, வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறிமாறி அந்தாதியாய்த் தொடர 20 செய்யுள் உடையது. நூற்பெயரே யாப்பினை உணர்த்துதல் காண்க.

இனி, பாடந்துணிதற்கும் யாப்பறிவு வேண்டும். திருவருட்பயன் 100 குறள்வெண்பாக்களால் ஆயது. வெண்பாவில் வெண்டளையன்றிப் பிற தளை விரவா. ஈற்றடி முச்சீராய் முடியும். ஆகலின் எழுதுவோராலோ அச்சிடுவோராலோ ஓரெழுத்துக் குறையினும் மிகினும், தளை பெரும்பாலும் அதனைக் காட்டிக்கொடுக்கும். இருவகைப் பாடமும் தளைக்கு இயையுமாயின், ஆண்டுப் பொருளே துணிபாகும்.

இக்காலத்து எளிமை கருதிச் சந்தி பிரித்துப் பதிப்பிக்கும் வழக்கம் பெருகியுள்ளது. கற்போர்க்கு அது துணையே. எனினும் சீர் சிதைந்த வடிவத்தையே ஓதிப் பழகின், ஓசையும் பாடந்தெளியும் வழியும் ஒருங்கே இழக்கப்படும். ஆகவே பதிப்பிப்போர் சீர்பிரித்த மூலத்தை முன்வைத்துச் சொற்பிரிப்பினை அதன்கீழ் அமைத்தலும், ஓதுவோர் முதற்கண் ஓசையறிந்து பின்னர்ப் பொருள் ஆராய்தலும் முறையாமென்க.