ஓர் எழுத்துக் கூடியதனால்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் வீதியில், வாழைச்சேனையைக் கடந்து வடக்கே போனால் மாங்கேணி வரும். மா என்பதும் கேணி என்பதும் எவர்க்கும் விளங்கும் சொற்கள். ஆயினும் இவ்வூர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் பலர், நடுவே 'ஆர்' என்னும் எழுத்தொன்றையும் சேர்த்துவிடுகின்றனர். தமிழில் இல்லாத ரகரம் அங்கே எவ்வாறு புகுந்தது? தென்னிங்கிலாந்தார் பேச்சில் உயிருக்குப் பின் வரும் ரகரம் ஒலிப்பதில்லை. உயிர் மட்டும் நீண்டு நிற்கும். கேணியின் நெடிலைக் காட்டவே எவரோ ஒரு துரை அவ்வெழுத்தை இட்டிருத்தல் வேண்டும் என்பது என் ஊகம். எழுதியவாறு ஒலியாமை ஆங்கிலத்தின் பழைய குணம். அக்குணத்தினால் அவ்வூர்ப் பெண்ணொருத்தி பட்ட பாட்டைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, அப்பெண் தன் தந்தையுடன் என் வீட்டுக்கு வந்தாள். தந்தை கடற்றொழில் செய்பவர். எழுதுவினைஞர் பதவியொன்றுக்கு அவள் தன் கைப்பட எழுதிய விண்ணப்பத்தின் பிரதி கையில் இருந்தது. 'இவ்வாய்ப்பை இழக்க நான் விரும்பவில்லை' என்னும் கருத்துப்பட அவள் எழுதிய வசனத்தில் 'லூஸ்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம். நேர்முகப் பரீட்சையில் அவ்வட்டத்தைக் காட்டிச் சிரித்தார்களாம். அவள் எழுதியதில் ஓர் 'ஓ' கூடியிருந்தது. 'இழத்தல்' என்பது 'தளர்ந்த' என்பதாய் மாறிவிட்டது.

"சேர், இவள் மூன்று இரவு கண் விழித்து எழுதினவள்" என்றார் தந்தை. அவளோ, "ஒரு எழுத்துத்தானே சேர் கூடினது? இனி நான் இங்கிலீஸ் எழுதமாட்டேன்" என்றாள்.

அவளைத் தேற்றுவதற்கு என் கதையையே சொன்னேன். பதினாறு வயதில் விடுமுறை வேண்டி அதிபருக்குக் கடிதம் எழுதியபோது, 'பிறின்சிப்பல்' என்பதன் ஈற்றை 'ஏ, எல்' என முடிக்காமல் 'எல், ஈ' என முடித்துவிட்டேன். அதிபர் என்பது கொள்கை என்றாயிற்று. கடிதத்தை வகுப்பில் உரக்கப் படித்தார்கள். அன்று காது சிவந்ததை இன்றும் மறக்கவில்லை.

'லூஸ்' இரண்டையும் தமிழில் எழுதினால் ஒரே வடிவந்தான். இழத்தலைக் குறிக்கும் சொல்லின் ஈற்றொலி தொண்டை அதிர வரும். மற்றதன் ஈறு அதிராது. இவ்வேறுபாட்டுக்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ஆகவே நம் செவி அதனைத் தேடிப் பழகவும் இல்லை. அறிவுரை என்னும் 'அட்வைஸ்' பெயராயின் 'சீ', வினையாயின் 'எஸ்'. அங்கும் அதே அதிர்வுதான் வேறுபாடு. 'பிறக்ரிஸ்' என்பதோ இரண்டு நிலையிலும் ஒலியால் ஒன்று. ஆயினும் பிரித்தானியர் பெயருக்குச் 'சீ'யும் வினைக்கு 'எஸ்'ஸும் இடுவர். அமெரிக்கர் இரண்டுக்கும் 'சீ'யே போதும் என்று விட்டுவிட்டனர். இத்தகைய மயக்கங்களைக் கணினி காட்டித்தரும் என்று நம்பியிருத்தலும் தவறு. இல்லாத சொல்லை எழுதினால் அது சிவப்புக் கோடிடும். இருக்கும் சொல்லை இடம் மாற்றி எழுதினாலோ பெரும்பாலும் வாளாவிருந்துவிடும்.

இனி, ஆங்கிலேயரே தடுமாறும் ஓரிடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. 'லை' என்றால் கிட. 'லே' என்றால் கிடத்து. 'றைஸ்' எழு, 'றெய்ஸ்' எழுப்பு. 'சிற்' இரு, 'செற்' இருத்து. 'ஃபோல்' விழு, 'ஃபெல்' வீழ்த்து, அதாவது மரத்தைத் தறித்து வீழ்த்து. நம் இலக்கணம் தன்வினை, பிறவினை என வகுத்த அதே உறவுதான் இச்சோடிகளிலும் உள்ளது. ஆங்கிலத்தில் இம்முறை பண்டே தேய்ந்து போயிற்று. எச்சமாகச் சில சோடிகளே நிற்கின்றன. கிட என்னும் 'லை'யின் இறந்தகாலம் 'லே' என்று வந்து, கிடத்து என்பதன் நிகழ்காலத்தோடு ஒன்றாகிவிடுவதுதான் மயக்கத்தின் வேர். கிடந்தான், கிடத்தினான் என இரண்டையும் ஒருங்கே சொல்லிப் பார்த்தால் மயக்கம் பாதி தீரும். இருபதாண்டுக் கற்பித்தலில் நான் கண்ட மிக எளிய வழி இதுவே.

எழுத்துக்கூட்டலின் குழப்பத்துக்குக் கற்பவர் பொறுப்பல்லர். வில்லியம் கக்ஸ்டன் 1476 இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்து போயிற்று, ஒலியோ ஓடிக்கொண்டேயிருந்தது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்பதன் முதலிலுள்ள 'கே' ஒருகாலத்தில் உண்மையாகவே ஒலித்தது. பண்டிதர்கள் செய்த குறும்பு வேறு. கடனைக் குறிக்கும் 'டெற்' என்பதில் 'பீ' இருந்ததில்லை. இலத்தீன் மூலத்தைக் காட்டுவோம் என்று பின்னாளில் செருகினர். இதினும் வேடிக்கை 'ஐலண்ட்'. அது இலத்தீன் சொல்லே அன்று. பழைய ஆங்கிலச் சொல். இலத்தீன் வழிவந்த வேறொரு சொல்லோடு தொடர்புடையதெனப் பிழைபட எண்ணி 'எஸ்' ஒன்றைச் சேர்த்தனர். 'எனது நாடு' என்று கட்டுரை தொடங்கும் நம் பிள்ளைகள் முதல் வரியிலேயே இடறுவது, அறிஞர் விட்ட அப்பிழையில்தான்!

வினைத்திரிபுகளும் அவ்வாறே. 'கோ' என்பதன் இறந்தகாலம் 'வென்ற்' என வருவது, 'வென்ட்' என்னும் வேறொரு வினையிலிருந்து பெற்ற இரவல். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற வினைகள் இன்றைக்கினும் மிகுதி. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தார் 177 வினைகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றுள் இன்று ஒழுங்கின்றி எஞ்சியவை 98. சிரித்தல், நடத்தல், உதவுதல் என்பவற்றைக் குறிப்பன யாவும் ஒழுங்குக்கு வந்துவிட்டன. அடிக்கடி வழங்கும் வினைகளே மாறாது நிற்கின்றன. நாவு பழகியதை நாவு விடுவதில்லை. நம்மொழியிலும் வா, தா, சா என்னும் அன்றாட வினைகளன்றோ வந்தான், தந்தான், செத்தான் எனத் திரிகின்றன? ஆகையால் நீண்ட பட்டியலை மனனம் செய்விக்கும் ஆசிரியரை நான் ஒப்புவதில்லை. நாள்தோறும் வழங்கும் இருபது முப்பதை வசனத்தில் வைத்துப் பழக்கினாற் போதும். அரியவை தாமே பின்வரும்.

மட்டக்களப்பில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் ஆங்கிலப் பாடசாலை தொடங்கியது 1814 இல். 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்புமொழி என்றது. இத்தனை காலத்தின் பின்னும் கரையோரத்துப் பிள்ளைக்கு அது இணைப்பாக இல்லை, கதவில் இட்ட தாழாகவே இருக்கின்றது. பிழையைத் திருத்துதல் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. அதைக் காட்டிச் சிரித்தவர்களுக்கு 'டெற்' என்பதில் 'பீ' வந்த கதை தெரிந்திருக்குமோ என்பதே ஐயம்.

அப்பெண் பின்னர் சனிக்கிழமைதோறும் வந்தாள். கட்டுமரம், சுருட்டு என்னும் நம் சொற்கள் ஆங்கில அகராதியில் ஏறியிருப்பதைக் கண்ட நாளில் அவள் முகம் மலர்ந்தது. "அவங்களும் எங்கட சொல்லைப் பிழையாத்தானே சேர் எழுதிவைச்சிருக்கிறாங்க" என்றாள். சென்ற மாதம் வேறொரு பதவிக்கு விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்து தந்தாள். 'லூஸ்' சரியாக இருந்தது. பெற்றுக்கொள்ளுதலைக் குறிக்கும் 'றிசீவ்' என்பதில் மட்டும் 'ஈ'க்கு முன்னே 'ஐ' வந்திருந்தது. எனக்கே ஒருகணம் ஐயம் தோன்ற, அகராதியை எடுத்துப் பார்த்தேன். பிறகு பென்சிலால் ஓரத்தில் மெல்லக் குறித்து அவளிடம் கொடுத்தேன்.