பூசியவருக்குத் தெரியாத மணம்

மண்வாசனை கொண்ட மிட்டி அத்தர் வாங்கியவர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "பூசின கொஞ்ச நேரத்திலேயே காணாமப் போயிடுதே!" அது எங்கேயும் போகவில்லை. உங்கள் மூக்குதான் அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிட்டது.

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்வோம். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக்குப் பக்கம் கன்னோஜ் என்று ஓர் ஊர். ரோஜாவையும் மல்லிகையையும் வெட்டிவேரையும் காய்ச்சி அத்தர் இறக்குவது அங்கே பரம்பரைத் தொழில். அந்த அடுப்பில் மண்ணையும் ஏற்றுகிறார்கள். சுட்ட களிமண் துண்டுகளைத் தண்ணீரோடு 'தேக்' என்ற பெரிய செம்புப் பானையில் போட்டு, மூடியின் விளிம்பைச் சேறு பூசி அடைத்து, கீழே விறகும் வறட்டியும் எரிப்பார்கள். நீராவி ஒரு மூங்கில் குழாய் வழியே 'பப்கா' என்ற இன்னொரு செம்புப் பாத்திரத்துக்கு இறங்கும். பப்கா தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும். அதற்குள் முன்கூட்டியே ஊற்றிவைத்த சந்தன எண்ணெய். ஆவி குளிர்ந்து தண்ணீராகப் பிரிய, வாசம் எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும். வெப்பமானி எல்லாம் கிடையாது. தொட்டித் தண்ணீரில் கைவைத்துப் பார்த்தே தீயைக் கூட்டுவதும் குறைப்பதும்.

மண்ணுக்கு ஏது வாசம் என்றால், 1964இல் ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 'நேச்சர்' இதழில் அதற்குப் பதில் எழுதினார்கள். வறண்ட நாட்களில் பாறையும் களிமண்ணும் ஒருவித எண்ணெயைத் தம்மில் சேர்த்துவைக்கின்றன. ஈரம் பட்டதும் அது கிளம்புகிறது. அதற்கு 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டார்கள். மழை மணத்தில் இன்னொரு பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு; மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிகள் அதை உண்டாக்குகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும். குளத்து மீனில் வரும் சேற்று வாடையும் இதே ஜியோஸ்மின்தான். புளிப்பு பட்டால் அது சிதையும். நம் வீட்டுப் பெண்கள் அந்த மீனைப் புளி போட்டு அலசியதற்கு வேதியியல் துணை நிற்கிறது.

மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தால் முதலில் வருவது புதுப் பானைத் தண்ணீரின் வாசம். சற்றுப் புழுக்கமாகக்கூட இருக்கும். சிலருக்கு அது பிடிப்பதில்லை. பிறகு அது தணிந்து, சந்தனம் மெல்ல மேலே வரும். சந்தன எண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை, நிதானமாகத்தான் ஆவியாகும். ஸ்பிரே சென்டில் இருக்கும் ஆல்கஹால் சட்டென்று பறந்து, மணத்தையும் அறை முழுக்கத் தூக்கிக்கொண்டு போகும். அத்தருக்கு அந்த அவசரம் இல்லை. அதன் எல்லை ஒரு முழம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவருக்கு எட்டும், அடுத்த மேசைக்காரருக்கு எட்டாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். லிஃப்ட் கதவு திறந்ததும் முகத்தில் அறையும் சென்டுகளை நான் மரியாதைக் குறைவாகவே நினைக்கிறேன்.

இப்போது அந்தப் புகாருக்கு வருவோம். மாறாமல் வந்துகொண்டே இருக்கும் வாசத்தை மூக்கும் மூளையும் சீக்கிரமே ஒதுக்கிவிடும். புதிதாக வரும் வாசத்துக்கு இடம் வேண்டுமே! மல்லிகை வைத்த பெண்ணைவிட, பஸ்ஸில் அவருக்குப் பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் பூ அதிகம் மணக்கும். தெரியவில்லையே என்று மேலும் மேலும் பூசினால் அவதிப்படுவது அடுத்தவர்தான். சந்தேகமாக இருந்தால் கைக்குட்டையில் ஒரு பொட்டு வைத்து வேறு அறையில் விட்டுவிடுங்கள். சாயங்காலம் போய் முகர்ந்தால் தெரிந்துவிடும்.

வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: அடியில் இருப்பது சந்தன எண்ணெயா, பாரஃபினா? சந்தன விலை ஏறிய பிறகு பலர் பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். மலிவாகக் கிடைத்தால் பெரும்பாலும் அதுதான். அதில் முதல் வாசம் சுமாராக இருக்கும், ஆனால் அது தணிந்த பிறகு சந்தனம் வராது. காதோரமோ மணிக்கட்டோ போதும். தர்கா வாசலில் பெரியவர்கள் செய்வதுபோல, பஞ்சில் தொட்டுக் காது மடிப்பில் செருகிக்கொண்டாலும் சரி. வெள்ளைச் சட்டையில் மட்டும் படவிடாதீர்கள்; எண்ணெய்க் கறை லேசில் போகாது.