நாற்பது வயதில் தாதியாக முடியுமா?

இருபது ஆண்டுகள் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துவிட்ட ஒரு பெண், நாற்பதை நெருங்கும் வேளையில் "நான் மிஸ்ஸியாகப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், வீட்டில் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "இந்த வயதிலா?" என்று கேட்பார்கள். கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. முடியும் என்பதே பதில். ஆனால் வழி தெரியாமல் இறங்கினால் கடன் மட்டுமே மிஞ்சும்.

டிரெசர் இருந்த காலம்

டாக்டர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற மற்றொருவர் நோயாளியைப் பார்த்து மருந்து கொடுப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கிளினிக்கில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரும், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டவரும், ஆபத்தான நிலையில் இருந்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவரும் டிரெசர்தான். இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் சட்டம் வந்தது.

அதே 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கினர். அனுபவமுள்ள தாதி கூடுதல் பயிற்சி பெற்று, நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சை அளிப்பதே அதன் நோக்கம். டாக்டர்கள் எட்டாத இடங்களுக்கு மருத்துவம் போய்ச் சேர வேண்டும் என்பதே அங்கும் அடிப்படை. மலேசியாவில் அதற்கு நெருக்கமான வேலையை இன்று சுகாதாரக் கிளினிக்குகளில் உதவி மருத்துவ அதிகாரிகளும், கூடுதல் பயிற்சி பெற்ற தாதியர்களும் செய்கின்றனர்.

தமிழ் பேசும் தாதியின் தேவை

1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக உருவான தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. லயத்து வீடுகளில் வாழ்ந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், கோல குபு பாரு மருத்துவமனைகளுக்குப் போய் வருகிறவர்கள் பலர். இன்சுலின் ஊசியை எப்போது போடுவது, எதைச் சாப்பிடக்கூடாது என்பதைத் தமிழில் ஒருவர் பொறுமையாகச் சொன்னால், மலாய் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அதுவே பாதி வைத்தியம். தோட்டத்து வாழ்க்கையை அறிந்த நடுத்தர வயதுப் பெண்ணுக்கு இந்த வேலையில் ஒரு தனித் தகுதி உண்டு.

ஏற வேண்டிய படிகள்

1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்றவரே தாதி. அதற்கு அங்கீகாரம் பெற்ற டிப்ளோமாவை மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும். வாரியத்தின் தேர்விலும் தேற வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

முதல் தடை எஸ்.பி.எம். ஆகும். 2010-இல் சேர்க்கைத் தகுதி மூன்று கிரெடிட்டிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது. இத்தகைய நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால், சேரும் ஆண்டுக்கு உரியதை வாரியத்திடமே கேட்டறிவது நல்லது. கிரெடிட் குறைந்தவர்கள் தனியார் தேர்வாளராக எஸ்.பி.எம். தேர்வை மீண்டும் எழுதலாம். கணிதத்தை ஒதுக்கிவிட முடியாது. மருந்தின் அளவைக் கணக்கிடுவது தாதியின் அன்றாட வேலை.

பதிவு பெற்று, சில காலம் பணியாற்றிய பின்னரே 'போஸ் பேசிக்' எனப்படும் சிறப்புப் பயிற்சிக்குப் போக முடியும். பிரசவம், சிறுநீரகச் சுத்திகரிப்பு, தீவிர சிகிச்சை எனப் பல துறைகள் உண்டு. வேலை செய்துகொண்டே பட்டம் படிக்க விரும்பும் தாதியருக்கு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை வழி செய்கின்றன.

வயதும் பணமும்

நாற்பதில் எஸ்.பி.எம். எழுதி, நாற்பத்தொன்றில் சேர்ந்தால், நாற்பத்து நான்கில் தாதி. ஓய்வு வயது அறுபது என்பதால் பதினாறு ஆண்டுப் பணிக்காலம் இருக்கிறது. அரசாங்கப் பயிற்சிக்கு வயது வரம்பு விதிக்கப்படுவதால், இந்த வயதினருக்குப் பெரும்பாலும் தனியார் கல்லூரிதான் வழி. அங்கே கட்டணம் பல்லாயிரம் ரிங்கிட் ஆகும். பி.டி.பி.டி.என். கடனுக்கு 45 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சில தனியார் மருத்துவமனைகள் படிப்புச் செலவை ஏற்பதுண்டு. அதற்குப் பதிலாகச் சில ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். மூன்று ஆண்டுகள் வீட்டுச் செலவை யார் பார்ப்பது, இரவு வேலை நாட்களில் பிள்ளைகளை யார் கவனிப்பது என்பதையும் குடும்பமே உட்கார்ந்து பேச வேண்டும்.

ஏமாறும் இடம்

ஆறு மாதத்தில் கிடைக்கும் பராமரிப்பாளர் சான்றிதழும் தாதியர் டிப்ளோமாவும் ஒன்றல்ல. முதியோர் இல்ல வேலைக்கு முன்னது உதவும்; ஆனால் அதைக் கொண்டு தாதியாகப் பதிவு பெற முடியாது. சீருடையைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா, தாதியர் வாரியத்தின் அனுமதி உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும் வரை முன்பணம் கட்டக் கூடாது.

வீட்டில் கேட்கப்படும் "இந்த வயதிலா?" என்ற கேள்விக்குப் பதில், பெட்டியில் கிடக்கும் பழைய எஸ்.பி.எம். சான்றிதழில் இருக்கிறது. அதை எடுத்துக் கிரெடிட்டுகளை எண்ணிப் பார்ப்பதே முதல் வேலை.