ஆபரேஷனில் எடுத்த புற்றுநோய்க் கட்டி சுண்டெலிக்குள் வளருவது ஏன்? நோயாளிக்கு அதனால் என்ன பலன்?

மதுரை காளவாசலில் இருந்து புற்றுநோய் ஆபரேஷனுக்காக சென்னைக்கோ மும்பைக்கோ போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆராய்ச்சி வசதியும் உள்ள மருத்துவமனை என்றால் இரண்டு படிவங்கள் வரலாம். ஒன்று ஆபரேஷனுக்கு. இன்னொன்று, 'எடுக்கும் கட்டியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா?' என்று கேட்பது. பதற்றத்தில் பலரும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த இரண்டாவது படிவத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

எடுத்த கட்டி எங்கே போகும்?

முதலில் நோயைக் கண்டறியும் பரிசோதனைக்கு. மீதி இருந்தால், நோயாளி சம்மதித்தால், ஆராய்ச்சிக்கு. சென்னை ஐஐடி-யில் இதற்காகவே தேசிய புற்றுநோய் திசு வங்கி இயங்குகிறது. 480 மார்பகப் புற்றுநோய் திசு மாதிரிகளை ஆராய்ந்து, அவற்றின் மரபணு விவரங்களை 2025 பிப்ரவரியில் ஐஐடி வெளியிட்டது. ஆராய்ச்சியின் இன்னொரு வழிதான் சுண்டெலி.

சுண்டெலி எதற்கு?

ஆய்வகத் தட்டில் பல வருஷமாக வளரும் புற்றுநோய் செல்கள், நிஜ நோயாளியின் கட்டியில் இருந்து ரொம்பவே மாறிவிடும். தட்டில் வேலை செய்த மருந்து மனிதரிடம் தோற்றுப்போக இதுவும் ஒரு காரணம். கட்டியை அப்படியே ஓர் உயிருள்ள உடம்பில் வளர்த்தால், அதன் இயல்பு ஓரளவு காப்பாற்றப்படும்.

ஆனால் சாதாரண எலியின் நோய் எதிர்ப்பு சக்தி மனிதத் திசுவை விரட்டிவிடும். அதனால்தான் முடியில்லாத 'நியூட்' எலி. இதற்குத் தைமஸ் சுரப்பி சரியாக உருவாகாது, எதிர்ப்பு சக்தியும் குறைவு. 1969-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் மனிதக் குடல் புற்றுநோயை முதன்முதலில் இந்த எலியில் வளர்த்துக் காட்டினார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில், சில மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளை எலியின் தோலுக்கு அடியில் வைப்பார்கள். கட்டி வளர்ந்ததும் அதை வெட்டி அடுத்தடுத்த எலிகளுக்கு மாற்றுவார்கள். பிறகு ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு மருந்து இல்லை. எந்தக் குழுவில் கட்டி சுருங்குகிறது என்று அளந்து பார்ப்பார்கள். நவி மும்பை கார்கரில் உள்ள டாடா மெமோரியல் மையத்தின் 'ஆக்ட்ரெக்' வளாகத்தில் இப்படிப்பட்ட எலிகளை வளர்க்கும் வசதி இருக்கிறது.

நம்ம ஊர் கட்டி ஏன் முக்கியம்?

புகையிலை, பாக்கு மெல்லும் பழக்கத்தால் வரும் கன்னப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட இந்தியாவில் மிக அதிகம். இதில் அடிக்கடி மாறும் சில மரபணுக்களை 2013-ல் இந்திய ஆய்வுக்குழு புதிதாக அடையாளம் கண்டது. அமெரிக்க நோயாளியின் கட்டியில் சோதித்த மருந்து, வெற்றிலை-புகையிலை போட்டவரின் கன்னத்துக் கட்டியிலும் அதேபோல வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. இங்குள்ள கட்டிகளில் சோதித்தால்தான் தெரியும்.

எலியில் வேலை செய்த மருந்து அதே நோயாளிக்குக் கிடைக்குமா?

இங்கேதான் கவனம் தேவை. எல்லாக் கட்டியும் எலியில் வளராது. வளர்ந்தாலும் மருந்து சோதித்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். நோயாளியின் கீமோ அதுவரை காத்திருக்க முடியாது. சிம்பிளாகச் சொன்னால், இது பெரும்பாலும் நாளைய நோயாளிக்கான உதவி. இன்றைய சிகிச்சைக்கு மாற்று கிடையாது.

குறைகளும் உண்டு. எதிர்ப்பு சக்தி இல்லாத எலியில், எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகளை நேரடியாகச் சோதிக்க முடியாது. எலி மாற்றி எலி போகப் போக கட்டியும் மாறும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கட்டாயம். செல்களில் வளர்க்கும் குட்டி உறுப்புகள் போன்ற மாற்று வழிகளை மருந்து சோதனைக்கு ஏற்கும்படி 2023-ல் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது.

கையெழுத்துக்கு முன் என்ன கேட்கலாம்?

* கட்டி எதற்குப் பயன்படும்? எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்?
* பெயரும் விவரங்களும் ரகசியமாக இருக்குமா?
* பிறகு மனசு மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாமா?
* இதற்குப் பணம் ஏதும் கேட்கிறார்களா? ஏன்?

படிவத்தைப் புரிகிற மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. 'வேண்டாம்' என்று சொன்னாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. 'சரி' என்று சொன்னால், முகம் தெரியாத இன்னொருவருக்கு அது ஒரு நாள் மருந்தாக மாறலாம்.