கடலின் மேல் ஒரு மர்மப் பொருள்

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அட்லாண்டிக் கடலின் மேல், அமெரிக்கக் கடற்படையின் ஜெட் விமானம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. அதன் அகச்சிவப்புக் கேமராவில் சிறு புள்ளி ஒன்று அகப்பட்டது. அலைகளை ஒட்டி அது மின்னலெனப் பாய்வதுபோல் தோன்றவே, விமானிகள் வியந்து கூவினர். பறக்கும் தட்டோ?

2020இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அப்படத்தை வெளியிட்டது. படம் உண்மையானதே, விமானிகளின் வியப்பும் உண்மையே. ஆனால் படத்திலேயே சில எண்களும் பதிவாகியிருந்தன. 2023இல் நாசாவின் ஆய்வுக் குழு அவற்றைக் கொண்டு கணக்கிட்டது. நீங்களும் கணக்கிடலாம்!

விமானத்தின் உயரம் சுமார் 7.6 கி.மீ. அங்கிருந்து பொருளின் தொலைவு 6.3 கி.மீ. கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்த கோணம் 35 பாகை. சைன் 35° = 0.57. ஆகவே பொருள் விமானத்திற்கு 6.3 × 0.57 = 3.6 கி.மீ. கீழே இருந்தது. அதாவது, கடலுக்கு 4 கி.மீ. மேலே!

அப்படியானால் அந்த வேகம்? ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால், அருகிலுள்ள மின்கம்பம் தொலைவிலுள்ள மலையைக் கடந்து பின்னோக்கி ஓடுகிறதல்லவா? இதுவே இடமாறு தோற்றம். இங்கும் விரைந்தது விமானமே. அதன் இயக்கத்தை நீக்கிப் பார்த்தபோது, பொருளின் வேகம் மணிக்குச் சுமார் 64 கி.மீ. மட்டுமே. அந்த உயரத்தில் காற்றில் மிதக்கும் பொருளுக்கும் அவ்வேகம் கிட்டும்.

எல்லாப் புதிர்களும் இவ்வாறு விடுபடுவதில்லை. 2004இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் நிமிட்ஸ் கப்பலின் விமானிகள் ஒரு வெண்ணிறப் பொருளை நேரில் கண்டனர். அப்போது படம் எடுக்கப்படவில்லை. அப்புதிர் இன்றும் நீடிக்கிறது. வெறும் கடல்வெளியில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ வீடோ இல்லை. பழகிய கண்ணும் அங்கே தடுமாறும். கண்டதை அளந்தும் வைத்தால்தான் அறிவியல் அதற்கு விடை தேட முடியும்.