மறு ஒளிபரப்புக்கு மறுபடி நடிப்பு!

1954 டிசம்பர் 12, ஞாயிறு இரவு. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, லண்டன் லைம் குரோவ் ஸ்டுடியோவிலிருந்து பி.பி.சி. நாடகமாக ஒளிபரப்பியது. வியாழனன்று மறு ஒளிபரப்பு. அதற்கு நடிகர்கள் என்ன செய்தார்கள், தெரியுமா? முழு நாடகத்தையும் மறுபடி நடித்தார்கள்! வீடியோ நாடா அப்போது அங்கே புழக்கத்துக்கு வரவில்லை.

ஸ்டுடியோ காமிராவின் முகப்பில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்குமாக அதில் பல லென்சுகள். தட்டைச் சுழற்றும்போது படம் கலைந்துவிடும் அல்லவா? ஆகவே, இன்னொரு காமிராவின் படம் ஒளிபரப்பாகும் சில நொடிகளுக்குள் இதன் லென்சை மாற்றிவிட வேண்டும். நடிகர்களைவிடக் காமிராக்காரர்களின் பாடுதான் திண்டாட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. நடிகர்களுக்காவது, முன்பே எடுத்த திரைப்படத் துண்டு ஓடும்போது உடை மாற்றிக்கொண்டு அடுத்த காட்சி அமைப்புக்கு ஓட நேரம் கிடைத்தது. பக்கத்து ஸ்டுடியோவில் இசைக்குழுவும் நேரடியாகவே வாசித்தது.

வியாழனன்று, 405 கோடுகளாலான தொலைக்காட்சிப் படத்தை ஒரு சிறு திரையில் ஓடவிட்டு, எதிரே திரைப்படக் காமிராவை வைத்து 35 மி.மீ. பிலிமில் பிடித்தார்கள். இன்று நீங்கள் பார்க்கக்கூடியது அந்தப் பிலிமைத்தான்.